முன்கூடத்துச் சத்தங்கள்

தையற்காரி சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது முன்கூடத்தில் கத்தரிக்கோல் விழுந்த சத்தம் கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டு நீண்ட நடைவழியே போய்ப் பார்த்தாள். அது தையல் மிஷின்மேல் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. காலையிலிருந்து இடது தோளில் ஒரு வலி, இப்போது காதும் சேர்ந்துகொண்டதா என்று அலுத்தபடி திரும்பினாள். முழங்கை பட்டுக் கத்தரிக்கோல் விழுந்தது. அதே கணீர். தரையில் அதேபோல ஒரு சுற்றுச் சுற்றி நின்ற ஓசை.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று பகல் முழுக்க அப்படியே நடந்தது. கூடத்து ஜன்னல் அறைந்துகொள்ளும் சத்தம் முதலில் கேட்கும். காற்று பிறகுதான் வரும். வெளியூரில் நிலம் அளக்கப் போயிருந்த கணவனிடம் போனில் சொன்னாள். நீளம், அகலம், உயரம்போலக் காலமும் ஓர் அளவுதானாம் என்றான் அவன்; நீ போகாவிட்டாலும் கூடம் அங்கேதானே இருக்கிறது, நாளையும் அப்படித்தான் ஏற்கெனவே இருக்கிறதாம். சொல்லிவிட்டு, போய்க் கொஞ்சம் படு என்று சிரித்தான். அவளுக்கு எரிச்சலாக வந்தது.

பொழுது சாயும் நேரம். வால் மட்டுமே இல்லாத நான்கு வயது மகள் அவள் காலடியில் மாவு உருண்டையை நசுக்கிக்கொண்டிருந்தாள். கண் அசந்தால் தெருவுக்கு ஓடுகிறாள் என்றுதான், வாசல் கதவின் தாழ்ப்பாளை அவளுக்கு எட்டாத உயரத்தில் மாற்றி அடித்திருந்தார்கள்.

அப்போது முன்கூடத்திலிருந்து மகளின் குரல் வந்தது.

"அம்மா, எந்திரிம்மா."

காலடியில் இருந்தவள் வாயே திறக்கவில்லை.

கூடத்துக் குரல் கெஞ்சியது. அழுதது. பசிக்கிறது என்றது. பிறகு தையல் மிஷின் முக்காலி தரையில் இழுபட்டது, வாசல் கதவில் மோதி நின்றது. யாரோ மூச்சுவாங்க ஏறினார்கள். முக்காலி சரிந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. ஓர் அழுகைகூட இல்லை.

மகள் எதற்காக ஏறப்போகிறாள் என்று அவளுக்குப் புரிந்தது. தாழ்ப்பாள். அதைத் திறந்துவிட்டால் போதும். பிள்ளை தெருவுக்கு ஓடிவிடுவாள், யாராவது பார்த்துவிடுவார்கள்.

"இங்கேயே இரு கண்ணு."

ஓடினாள். கையை உயர்த்தினாள். தோள் வலி மார்பில் இறங்கியது. விரல் தாழ்ப்பாளைத் தொட்டது. அவ்வளவுதான்.

தரை சில்லென்றிருந்தது. கண் மட்டும் திறந்திருந்தது. மாவு மணக்கும் சின்னக் கை கன்னத்தைத் தட்டியது.

"அம்மா, எந்திரிம்மா."

அதே கெஞ்சல். அதே அழுகை. ஜன்னலில் வெளிச்சம் போயிற்று. பசிக்கிறதாம்.

முக்காலியைத் தூக்கி வெளியே எறிந்திருக்கலாம். இப்போதுதான் தோன்றியது. வேண்டாம் என்று சொல்ல நாக்கு புரளவில்லை.

சின்னப் பாதங்கள் தையல் மிஷின் பக்கம் போயின. முக்காலி இழுபடத் தொடங்கியது.