கண்ணாடியில் ஒட்டிய முகம்

இரும்புக் கை மறுபடியும் இறங்கியிருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் ஜமால் முகம்மது அதை உத்திரத்தில் முட்டும்வரை ஏற்றி, பேட்டரி வயரையும் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் சாப்பிடப் போனார். இப்போது காலை பத்து மணி வெயில் பட்டறை ஜன்னல் வழியாக விழுந்துகொண்டிருக்க, அது நாலு விரற்கடை கீழே நின்றது. எலி ஏறியிருக்கும், சங்கிலி தளர்ந்திருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொள்ள அவருக்குத் தெரியாதா என்ன? ஆனால் நேர் அடியில், பெஞ்சின் மேல் தண்ணீர் நின்றது. மழை ஓய்ந்து நாலு நாளாகிறது. கூரையிலும் ஈரமில்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்புக் கரித்தது.

பழவேற்காட்டில் ஜமால் பாய் என்றால் போட்டோ பாய்தான். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ் எல்லாம் உண்டு என்றாலும், அவர் பேர் வாங்கியது காப்பி வேலையில். செத்துப்போனவரின் பழைய படத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் அதை மறுபடி படமெடுத்து, பென்சிலால் திருத்தி, பெரிசாக்கிச் சட்டம் போட்டுத் தருவார். அதற்காகத்தான் வீட்டின் பின்கட்டுப் பட்டறையில் இந்தக் கையைச் செய்தார். உத்திரத்திலிருந்து தொங்கும் இரும்புக் கை. நுனியில் லென்ஸ் கீழே பார்க்கும்படி கேமரா; கையின் மேல்முனை உத்திரத்தில் முட்டினாலும் அது நெஞ்சு உயரத்தில்தான் நிற்கும். ஏற்றி இறக்க ஒரு சைக்கிள் சங்கிலியும் பழைய லாரியின் வைப்பர் மோட்டாரும். மேலே ஏற்றினால் பெஞ்சு முழுக்கத் தெரியும். இறக்க இறக்க ஓரமெல்லாம் விலகி, கடைசியில் ஒரு முகம் மட்டும் நிற்கும்.

இவ்வளவு மெனக்கெடல் எதற்கு என்று கேட்டவர்களிடம் முதுகுவலி என்றார். பொய். முதுகெல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

போன வருஷம் ஐப்பசிக் கடைசியில் அடித்த புயலில் கோட்டைக்குப்பத்து ராஜவேலு வலையோடு போனவன் திரும்பவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. அவன் பெண்சாதி லோகநாயகி, இடிந்த வீட்டுச் சேற்றிலிருந்து ஒரு படத்தைத் தோண்டியெடுத்துக் கொண்டுவந்தாள். அவன் முகமென்று உலகத்தில் இருந்தது அது ஒன்றுதான். நனைந்து காய்ந்ததில் படம் சட்டத்துக் கண்ணாடியோடு அப்பிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட படத்தைப் பிரிக்கக் கூடாது. கண்ணாடியோடு வைத்து, மேலேயிருந்து நிதானமாக எடுக்க வேண்டும். நேற்று தொழிலுக்கு வந்தவனுக்கும் தெரிந்த விஷயம் இது. ஆனால் அப்போது இந்த இரும்புக் கை இல்லை; ஸ்டூலில் ஏறி, கேமராவைக் கையில் பிடித்து எடுத்ததில் கை நடுங்கியது, கண்ணாடி பளபளத்தது, இரண்டு பிலிம் வீணாயிற்று. எரிச்சலில் தண்ணீரில் ஊறப்போட்டு உரித்தார். காகிதம் வெள்ளையாகக் கையோடு வந்துவிட்டது. முகம் கண்ணாடியில் நின்றது. அதைக் காப்பாற்றலாம் என்று நினைப்பதற்குள் பாலாடைபோல் வழுக்கித் தொட்டியில் விழுந்து, சுருண்டு, கரைந்தது. அந்தத் தண்ணீரைக் கொல்லையில் கொட்டினார்.

உள்ளதைச் சொல்லியிருக்கலாம். வெளியே அவள் காத்திருந்தாள், இடுப்புச் சேலை இன்னும் சேறாக. சொல்ல வாய் வரவில்லை. ஆரம்பாக்கம் பக்கத்திலிருந்து வந்து பாஸ்போர்ட் சைஸ் எடுத்துக்கொண்டு, வாங்க வராமலே போன யாரோ ஒருவனின் நெகட்டிவ் பெட்டியில் கிடந்தது. அதே அகல நெற்றி, அதே மீசை. தாடையில் ஒரு மச்சம் வைத்தார், கண்ணுக்கடியில் கொஞ்சம் நிழல் போட்டார். பத்து நாள் கழித்துப் பெரிசாக்கிக் கொடுத்தார்.

லோகநாயகி வெகுநேரம் பார்த்தாள். "கொஞ்சம் சின்ன வயசா கீறாரு, பாய்," என்றாள். பிறகு படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள்.

உடம்பு கிடைக்காததால் அந்தப் படத்தைத்தான் பலகையில் வைத்துக் காரியம் செய்தார்கள். எண்ணெய் வைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, மாலை போட்டு, பெயர் சொல்லி வழியனுப்பினார்கள். எவனையோ. இதைக் கேள்விப்பட்ட அன்றைக்குத்தான் ஜமால் முகம்மதுவுக்குத் தூக்கம் போயிற்று. ராஜவேலுவுக்கு யாரும் எதுவும் செய்யவில்லை. அவன் இன்னும் அங்கேயே, தண்ணீரில்தான் கிடக்கிறான். அடுத்த மாதமே கையைச் செய்யத் தொடங்கினார். இனி ஒரு படத்தையும் உரிக்காமலிருந்தால் கணக்குத் தீர்ந்துவிடும் என்று ஒரு நப்பாசை.

"இன்னாங்க, பட்டறையில இன்னா நாத்தம்? மீனு கீனு வாங்கியாந்து அங்க வெச்சிட்டீங்களா?" என்று அடுப்படியிலிருந்து மனைவி கைருன் பீவி குரல் கொடுத்தாள்.

"ஒண்ணுமில்ல. ஏரிக் காத்து."

"அது ஏரி நாத்தம் இல்ல. அடிச்சேறு நாத்தம்." அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு ரேஷனுக்குப் போய்விட்டாள்.

அவள் சொன்னது சரி. வலை தரையோடு இழுபட்டு மேலே வரும்போது கூடவே வருமே, கறுப்பாக, அழுகிய பாசியும் சிப்பியுமாக, அந்த நாற்றம். அது பெஞ்சிலிருந்து வந்தது. துடைத்தார். துணியைப் பிழிந்து மறுபடி துடைத்தார். திரும்பி வருவதற்குள் பலகையில் ஈரம் ஊறியிருந்தது, தலைமாட்டில் குறுகி, தோள் பக்கம் அகன்று, கால்மாட்டில் இரண்டாகப் பிரிந்து. இன்றைக்கே கோட்டைக்குப்பம் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். வருஷ திதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள். அதற்குள் சொன்னால் அவனுக்கு அவன் பெயரில், வெறும் மண்ணை வைத்தாவது செய்வார்கள். சட்டையை மாட்டினார்.

"பாய்... கீறியா?"

லோகநாயகியே வாசலில் நின்றாள். கையில் சட்டம் போட்ட படம், துணியில் சுற்றி.

"கண்ணாடிக்குள்ள தண்ணி கோத்துக்குது, பாய். எத்தினி தபா தொடைச்சாலும் கோத்துக்குது. திதிக்கு வேற ஒண்ணு பெரிசா போட்டுக் குடு. உன் மெஷினு கைல எடுத்தா மொகம் பளிச்சுனு வருமாமே."

"லோகநாயகி, ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தார்.

"உன் புண்ணியம் பாய்," என்றாள் அவள். "நீ போட்டுக் குடுத்ததாலதான் மொகம்னு ஒண்ணு கீது எனக்கு. முன்ன அவரு எப்படி இருந்தாருனு நெனச்சுப் பாத்தா வர மாட்டேங்குது. இந்த மொகந்தான் வருது. கனாவுல வர்றாரு பாரு, அப்ப மட்டும் மொகத்தத் திருப்பிக்கினே கீறாரு."

அவளிடமிருந்து அவனை மொத்தமாகப் பிடுங்கியது புயல் இல்லை, தான்தான் என்று அந்த நிமிஷம் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்திலேயே படத்தை வாங்கிக்கொண்டுபோய்ப் பெஞ்சின் நடுவில் வைத்தார்.

கேமராவின் மேல்மூடியைத் திறந்தால் உள்ளே மங்கலாகத் தேய்த்த ஒரு கண்ணாடி. லென்ஸ் பார்ப்பது அதில் விழும். நின்றபடியே குனிந்து பார்த்தார்.

பெஞ்சில் ஒருவன் மல்லாந்து படுத்திருந்தான். கறுத்த உடம்பு, தண்ணீர் சொட்டும் கோவணம், விரலெல்லாம் ஊறி வெளுத்த பாதம், முழங்காலில் சுற்றிய வலை நூல். கழுத்துக்கு மேலே காதும் முடியும் இருந்தன. நடுவில் ஒன்றுமில்லை. வெறும் வெள்ளை.

தலையைத் தூக்கிப் பெஞ்சைப் பார்த்தார். சட்டம் போட்ட படம் மட்டும்.

மறுபடி கண்ணாடியில் பார்த்தார். அவன்.

"இன்னா பாய் அப்படிப் பாக்கற? மொகம் நல்லாத் தெரியுதா?"

"தெரியுது," என்றார் ஜமால் முகம்மது.

சொன்ன மாத்திரத்தில் மேலே மோட்டார் முனகியது. பேட்டரி வயர் தரையில்தான் கிடந்தது. சங்கிலி ஒவ்வொரு பல்லாகக் கடகடத்தது. கை இறங்கியது.

"தள்ளு, நானும் பாக்கறேன்." தடுப்பதற்குள் அவள் குனிந்துவிட்டாள். பட்டறையில் சத்தமே இல்லை, சங்கிலியைத் தவிர. அவள் தோள் மெல்லக் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தார். இல்லை, சிரிக்கிறாள்.

"வந்துட்டியா," என்றாள் கேமராவுக்குள். "அய்ய, வலைய காலுல சுத்திக்கினு. எந்திரிச்சு வரத் தெரில உனுக்கு?"

"லோகநாயகி, பாக்காத. அது... நான் உன்னாண்ட பொய் சொல்லிட்டேன். அந்தப் படம்..."

அவள் காதில் விழவில்லை. படத்தை எடுத்துத் தரையில் வைத்தாள், சட்டம் கவிழ்ந்ததைக்கூடப் பார்க்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பெஞ்சில் ஏறி, ஒருவனுக்கு இடம்விட்டு ஓரமாகப் படுத்தாள். பக்கத்துப் பலகை காலியாக இருந்தது. அந்தக் காலியின்மேல் கையைப் போட்டாள். கை பலகைக்கு ஒரு சாண் உயரத்திலேயே, எதன்மேலோ படிந்து நின்றது.

"எடு பாய். ரெண்டு பேரையும் சேத்து எடு."

இழுத்தார். இரும்புக் கையை அசைக்க முடியவில்லை. சங்கிலியில் விரலைக் கொடுத்தார், நகம் பெயர்ந்தது. கை நிற்கவில்லை. தேய்த்த கண்ணாடியில் கால்கள் விலகின. இடுப்பு விலகியது. அவள் முழங்கை விலகியது. இரண்டு தலை மட்டும். அவன் தலை அவள் பக்கம் திரும்பியிருந்தது. வெள்ளையை அவள் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான்.

"படத்துல கீறது அவன் இல்ல! அவன் மொகத்த நான் அழிச்சிட்டேன்! கேக்குதா? நான்தான் அழிச்சேன்!"

ஒரு வருஷமாகத் தொண்டையில் நின்றது வெளியே வந்துவிட்டது. கத்தினார். பட்டறை முழுக்கக் கேட்டிருக்கும்.

மேலே க்ளிக் என்றது.

மோட்டார் நின்றது. பெஞ்சிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. லோகநாயகி மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். கலைந்த கூந்தலைக் கோதி முடிந்தாள். தோள் சேலையைச் சரிசெய்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். காது இருந்தது, கம்மல் இருந்தது, வகிடு இருந்தது. இரண்டு கம்மலுக்கும் நடுவே ஈரக் காகிதம்போல் வெள்ளையாக, வழவழவென்று, ஒரு சுருக்கமுமில்லாமல்.

"நல்லா விழுந்துச்சா, பாய்?" என்று கேட்டது அது.