மூன்றாவது மான்

காலையில் அலுவலகம் வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தோற்றவர்கள் பேசுவதைக் கேட்பதுதான் என் வேலை. ஆட்டத்தை நான் பார்ப்பதில்லை. திரையில் மான் தப்பி ஓடிய பிறகு ஆடியவரின் வாயிலிருந்து வரும் முதல் பேச்சு மட்டும் எனக்கு வந்து சேரும். ‘சே, பிந்திட்டேன்’ என்றால் பச்சைப் பொத்தான். ‘நாசமாப் போற பயலுவ’ என்றால் சிவப்பு. பச்சை கூடக்கூட ஆட்டம் நல்ல ஆட்டம் என்று பொருள். இதெல்லாம் ஒரு வேலையா என்று நீங்கள் கேட்கலாம். தூத்துக்குடியில் தூசி படாமல் உட்கார்ந்து பார்க்கிற வேலை வேறு எது இருக்கிறது?

ஆட்டத்தின் பெயர் ‘வனவேட்டை’. செல்பேசியில் ஆடும் இணையச் சுழலாட்டம். பழைய சூதாட்ட விடுதிகளில் ‘ஸ்லாட்’ என்றார்களே, அதே வம்சம். மூன்று கட்டங்களில் காட்டு விலங்குகள் சுழன்றோடும். ஓரத்தில் ஒரு துப்பாக்கி விசை. அழுத்த அழுத்த ஒவ்வொரு கட்டமாக நிற்கும். மூன்றிலும் புள்ளிமான் நின்றால் வெற்றி. புள்ளிமானை நேரில் பார்த்தவர் எவரும் இப்போது உயிரோடு இல்லை. ஆனாலும் அதன் கொம்பின் வளைவு ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம்.

பரிசு நுரையீரல். கடல்நீரிலிருந்து லித்தியம் எடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து இங்கே காற்றெல்லாம் வெள்ளைத் தூசி. அது படிந்து இறுகிய மார்புக்கு மருந்து கிடையாது. ஆய்வகத் தொட்டியில் வளர்த்த நுரையீரலைத்தான் மாற்றி வைக்க வேண்டும். தொட்டிகள் கொஞ்சம், மார்புகள் ஏராளம். முதலில் மருத்துவர் குழு ஆள் தேர்ந்தெடுத்தது. குழுவின் கட்டடத்தைக் கொளுத்தினார்கள். பிறகு குலுக்கல், குலுக்கியவனை அடித்தார்கள். அதன் பிறகுதான் யாரோ ஒரு புத்திசாலிக்கு ஆட்டம் என்கிற யோசனை வந்தது.

“முன்னாடி மீன்பிடிக்கிற மாதிரி ஒண்ணு விட்டாங்களே, அதுக்கு என்ன கொறச்சல்?” என்று என் மேலதிகாரி கிராசியுஸ் அண்ணனிடம் ஒருமுறை கேட்டேன்.

“வலைல மீன் விழலன்னா எவனாச்சும் தன்னக் குத்தம் சொல்லுவானாடே? கடல ஏசுவான். பெறவு கடல யாரு கெடுத்தான்னு கேப்பான். வேட்டைன்னா அப்படியில்ல. குறி தப்பிச்சுன்னா அவன் கைதான தப்பு?”

“ஆனா அந்த விசைக்குப் பின்னால ஒண்ணுமே இல்லியேண்ணே.”

“அது நமக்குத் தெரிஞ்சாப் போதும்.”

ஒன்றுமில்லைதான். நுரையீரல் யாருக்கு என்பதைக் கணினி முந்தின நாளே குலுக்கி முடித்துவிடும். கள்ளமில்லாத குலுக்கல், நானே சோதித்துப் பார்த்திருக்கிறேன். விரலை எப்போது அழுத்தினாலும் மான் நிற்க வேண்டிய இடத்தில்தான் நிற்கும். ஆனால் ஊரில் தெருவுக்குத் தெரு விரல்பயிற்சி மையங்கள் முளைத்தன. வென்றவர்களின் படத்தை ஃபிளெக்ஸில் போட்டு ஆள் சேர்த்தார்கள். வனவேட்டை வந்த பிறகு அரசு அலுவலகத்தில் ஒரு கண்ணாடி உடையவில்லை. உடைந்ததெல்லாம் வீடுகளுக்குள்.

மழைக்காலத் தொடக்கத்தில் சூசை மச்சானுக்கு வனவேட்டை ஆட அழைப்பு வந்தது. என் அக்கா ஸ்டெல்லாவின் வீட்டுக்காரர். லித்தியம் ஆலையில் வடிகட்டி கழுவியவர். ஒரு வாக்கியம் பேசினால் அடுத்ததற்கு மூச்சு இருக்காது. நோயாளிக்கு ஆயுளில் ஒரே ஆட்டம்தான். படுத்திருப்பவருக்காக வீட்டில் யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். அக்கா செல்பேசியை என் கையில் திணித்தாள்.

“நீ அடில, பிரிட்டோ. என்னால ஆவாது.”

“யாரு அடிச்சாலும் ஒண்ணுதாங்க்கா. அந்த விசை சும்மா. எல்லாம் நேத்தே முடிவாயிருக்கும்.”

வெளியே தெரிந்தால் வேலையோடு போகாது, சிறைக்கும் போவேன். அதற்குத் துணிந்துதான் சொன்னேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“சும்மா உள்ளத எதுக்குல அங்கன வச்சிருக்கான்? ஒனக்குப் பயம், அதான் இப்படிப் பேசுத. நாளெல்லாம் அதுலயே கெடக்கவன் நீ. நீ அடிக்காம வேற யாரு அடிப்பா?”

மாதா கோயிலில் மந்திரித்த எண்ணெயை என் விரலில் தடவிவிட்டாள். மச்சான் படுத்தபடியே தலையை ஆட்டினார்.

முதல் கட்டத்தில் மான் நின்றது. இரண்டாவதிலும் மான். மச்சான் தலையணையிலிருந்து தலையைத் தூக்கிவிட்டார். மூன்றாவதில் பன்றி, மயில், மான் என்று மாறிமாறி ஓடிக்கொண்டிருந்தன. இப்போதா, இல்லை இன்னொரு சுற்று விடலாமா என்று நான் கணக்குப் போட்டேன். எல்லாம் தெரிந்த நான், போட்டேன். அழுத்தினேன். கொம்பு கட்டத்துக்குள் நுழைந்தது, கழுத்து நுழைந்தது, உடல் நுழையுமுன் மான் மெல்லப் பின்வாங்கிப் போய்விட்டது.

“முந்திட்டேன்” என்றது என் வாய்.

“விடு மாப்ள” என்றார் மச்சான். வேறு எதுவோ சொல்ல வந்தார், மூச்சு இல்லை. அக்கா அடுக்களைக்குள் போனாள்.

மறுநாள் அலுவலகத்தில் அந்த ‘முந்திட்டேன்’ என் காதுக்கே வந்தது. பச்சையை அழுத்தினேன். வேறு எதை அழுத்த முடியும்?

மச்சான் கிறிஸ்துமஸ் வரை தாங்கவில்லை. அடக்கம் முடிந்து சனம் கலைந்த பிறகு அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“ஒன்ன ஒண்ணும் சொல்லலல. நாந்தான் அடிச்சிருக்கணும். கெட்டுன புருசனுக்காக ஒரு விரல அழுத்தத் துப்பில்லாம ஒங்கைல குடுத்தேம்பாரு. நாந்தான் கொன்னுட்டேன்.”

“அப்படியில்லக்கா. அந்த விசை...”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, உன் புருஷன் யார் கையாலும் சாகவில்லை, யார் கையாலும் பிழைத்திருக்கவும் முடியாது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

“ஒம்மேல தப்பில்லக்கா. நாந்தான் அவசரப்பட்டுட்டேன்” என்றேன்.

அவளுடைய தோள்கள் தளர்ந்தன. மச்சான் போனபோதுகூட வராத அழுகை அப்போதுதான் வந்தது.

“கொஞ்சம் பொறுத்திருக்கலாம்லல” என்றாள்.

“ஆமாக்கா.”

அவளுடைய ஆறுதலுக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று வீடு வந்து சேரும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.