கட் சொல்லாத ஷாட்

பல் முளைத்திருந்தது.

விளக்கின் பளபளப்பாக இருக்கும் என்று நினைத்து, எடிட்டர் அந்தக் காட்சியைப் பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தாள். ஜன்னலோரம் நின்று சிரிக்கும் எட்டு வயதுப் பெண். அவளுடைய பெண்தான். பட்டாணி என்று கூப்பிடுவார்கள். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக, உருண்டையாக இருந்தாள். அப்பா வைத்த அந்தப் பெயர் படப்பிடிப்பில் லைட்மேன் வரைக்கும் பரவிவிட்டது. படத்தின் முதல் பாகத்தையும் இரண்டாம் பாகத்தையும் ஒரே மூச்சில் எடுத்துக்கொண்டிருந்தபோது, நட்டநடுவில் பட்டாணிக்கு முன்பல் ஒன்று விழுந்து தொலைத்தது. நேற்று பல்லோடு ஓடிய பெண் அதே கூடத்தில் இன்று பொக்கைவாயோடு நிற்க முடியாதே என்று, பல் டாக்டரிடம் சொல்லி ஒரு பொய்ப்பல் செய்து ஒட்டினார்கள். விளிம்பு நேராக, வழவழவென்று, கொஞ்சம் அதிகமாகவே வெள்ளையாக இருக்கும் அது. அம்மாவுக்குத் தெரியாதா? காலையில் எழுந்ததும் அதைக் கழுவி ஒட்டிவிட்டது அவள்தான்.

திரையில் இருந்தது பொய்ப்பல் இல்லை. ஈறைக் கிழித்துக்கொண்டு புதிதாக வருகிற நிஜப் பல்லுக்கு மட்டும் ரம்பம் மாதிரி ஒரு விளிம்பு இருக்குமே, அது இருந்தது.

பட்டாணி போய் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது.

இரண்டு பாகத்தையும் சேர்த்தே எடுத்துவிடலாம் என்று சொன்னது டைரக்டர்தான். "குழந்தைங்க நமக்காகக் காத்துக்கிட்டு இருக்காதுங்க. அடுத்த வருஷம்னு விட்டா ஒரு ஜாண் வளந்து நிப்பா. அப்புறம் நான் யாரை வச்சு எடுக்கிறது?" என்றார். முதல் பாகத்தில் குழந்தை காணாமல் போகும்; இரண்டாம் பாகத்தில் கிடைக்கும். முதல் பாகம் வெளியாகி, தியேட்டரில் ஜனங்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வந்தார்கள். இரண்டாம் பாகம் வெட்டித் தொகுக்கப்படாமல் கிடந்தது. வேறு எடிட்டரை வைத்துக்கொள்ளட்டுமா என்று டைரக்டர் தயங்கித் தயங்கித்தான் கேட்டார். "என் பொண்ணை இன்னொருத்தர் வெட்ட வேண்டாம்," என்று அவள் சொன்னதும் அவர் வாயை மூடிக்கொண்டார்.

எடிட்டிங் அறை ஒரு நீளமான நடையின் கடைசியில் இருந்தது. ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் சத்தத்தை விழுங்குகிற பஞ்சுப் பலகை, ஏ.சி. காற்றில் எப்போதும் சூடேறிய தூசியின் வாசனையும், கழற்றிப் போட்ட ஹெட்போனின் வியர்வை வாசனையும் கலந்திருக்கும். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிற மத்தியானத்திலும் உள்ளே, திரையின் நீல வெளிச்சம் மேஜையைத் தாண்டி விழாத இருட்டு. அந்த இருட்டில் உட்கார்ந்துகொண்டு அவள் பல்லைப் பார்த்தாள். பயம் வந்திருக்க வேண்டும். ஆனால் முதலில் வந்தது சந்தோஷம். திருட்டுத்தனமான, மூச்சுமுட்டுகிற சந்தோஷம்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் அதே காட்சியைத் திறந்தபோது, ஜன்னல் கட்டைக்குக் கீழே இருந்த பட்டாணியின் மோவாய் கட்டைக்கு மேலே வந்திருந்தது. இன்னொரு நாள் ஜடை தோளைத் தாண்டியிருந்தது. மஞ்சள் பூப்போட்ட கவுன் முட்டிக்கு மேலே ஏறியது. கூட நடித்தவர்கள் யாரும் மாறவில்லை. அம்மாவாக நடித்த நடிகை அதே இடத்தில், அதே சிரிப்போடு, அதே கையை நீட்டினாள். நடுவில் பட்டாணி மட்டும் வளர்ந்துகொண்டிருந்தாள்.

ஒருநாள் வீட்டுக்குப் போகிற வழியில் செருப்புக்கடையில் நின்று, ஒரு அளவு பெரிதாக ஒரு ஜோடி வாங்கினாள். வெள்ளி நிற வார். "குழந்தையைக் கூட்டிட்டு வந்தா போட்டுப் பாத்தே வாங்கலாமேம்மா," என்றான் கடைக்காரன். "ஷூட்டிங்ல இருக்கா," என்று அவள் சொன்னாள். சொல்லும்போது நாக்கு கொஞ்சமும் தடுக்கவில்லை.

சத்தத்தைக் கவனித்தது மைக் அண்ணன். படப்பிடிப்பில் ஒலிப்பதிவு செய்தவர். இப்போது பக்கத்து அறையில் அதே படத்தின் சத்தங்களைச் சரிசெய்துகொண்டிருந்தார். "என் பொண்டாட்டி மனசுக்குள்ள திட்டுறதே எனக்குக் கேக்கும்," என்று பீற்றிக்கொள்கிற மனிதர். அன்று கதவைத் தட்டிவிட்டு உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"மேடம், பாப்பா வாய்ஸ் ஏதாச்சும் மாத்துனீங்களா?"

"இல்லண்ணே. ஏன்?"

"தடிச்சுப் போயிருக்கு. வயசுக்கு வர்ற பொண்ணு குரல் மாதிரி." அவர் நடையைத் திரும்பிப் பார்த்தார். "அது போகட்டும். ஆக்‌ஷன் சொல்றதுக்கு முன்னாடியும் கேக்குது. அந்த செட்டுல யாருமே இல்லாதப்ப. மூச்சு விடுற சத்தம்."

"மெஷின் கோளாறா இருக்கும்."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு அப்புறம் அவர் அந்த நடையில் தனியாக நடந்து அவள் பார்க்கவில்லை.

செருப்பைக் கண்டுபிடித்தது கணவன். அலமாரியில் அவளுடைய புடவைகளுக்கு அடியில் இருந்ததை எடுத்து, கட்டிலின் நடுவில் ஜோடியாக வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

"யாருக்கு இது?"

அவள் ஒரு செருப்பின் வாரைத் தடவி நேராக்கினாள்.

"உன்னைத்தான் கேக்குறேன். யாருக்கு?"

"நாளைக்கு என்கூட வாங்க," என்றாள். "வந்து பாருங்க. வேற ஒண்ணும் கேக்காதீங்க."

பட்டாணி போனதற்கு அப்புறம் அவன் அந்தப் படத்தின் போஸ்டர் இருக்கிற தெருவில்கூட நடப்பதில்லை. சுற்றிக்கொண்டுதான் போவான். ஆனாலும் வந்தான். பக்கத்து நாற்காலியில், ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்த மாதிரி, இரண்டு கையையும் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவள் ஜன்னல் காட்சியைப் போட்டாள். பெண்ணுக்கு இப்போது பதினைந்து, பதினாறு இருக்கும். கவுனின் தையல் அக்குளில் விட்டிருந்தது. அவனுடைய மூக்கு. அவளுடைய நெற்றி. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு முகம்.

அவன் திரையை நோக்கிக் குனிந்தான். கண்ணீர் வழிந்து சட்டைக் காலரில் இறங்கியது, துடைக்கவில்லை.

"எவ்வளவு உசரம் பாத்தீங்களா?" அவள் அவன் முழங்கையைப் பிடித்தாள். "உங்க அக்கா மாதிரியே வந்துட்டா. போன வாரம் இவ்வளவுதான் இருந்தா. வளர்றா, அவ வளர்றா."

"நீ உசரத்தைப் பாக்குற," என்றான் அவன். "நான் கண்ணைப் பாக்குறேன். பயந்து செத்துக்கிட்டு இருக்கா. உனக்குத் தெரியலையா?"

அவள் பார்த்தாள். இத்தனை நாளாகப் பல்லையும் ஜடையையும் முட்டியையும் பார்த்தவள் அப்போதுதான் பார்த்தாள். சிரிக்கிற வாய்க்கு மேலே அந்தக் கண்கள் நடிகையைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்க்கவில்லை. கேமராவுக்குப் பின்னால் யாரையோ தேடிக்கொண்டிருந்தன.

"கடைசி நாளை எடு," என்றான்.

அதை அவள் இதுவரை திறந்ததில்லை. மாடி அறையில் பூட்டப்பட்ட குழந்தை கட்டிலடியில் உட்கார்ந்து கூப்பிடுகிற ஷாட். அன்றைக்குக் காலையிலிருந்தே காய்ச்சல். படப்பிடிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று பட்டாணி யாரிடமும் மூச்சு விடவில்லை. நெற்றியைத் தொட வந்தவர்களிடமெல்லாம் விளையாட்டுக்காட்டி நழுவினாள். இரண்டாவது தடவை கூப்பிட்டபோது குரல் தேய்ந்து, அப்படியே தரையில் சாய்ந்தாள். என்னமா நடிக்கிறா என்று யூனிட்டே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. நடிகை போய்த் தொட்டுப் பார்த்து அலறினாள். எல்லோரும் ஓடினார்கள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிதான். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

அந்த ஷாட்டின் நீளத்தைக் காட்டும் கோடு திரையின் விளிம்பைத் தாண்டிப் போயிற்று. அவள் கோட்டைச் சுருக்கினாள். இன்னும் போயிற்று.

மைக் அண்ணனைக் கூப்பிட்டார்கள். அவர் வாசலிலேயே நின்று பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"அன்னைக்கு யாருமே கட் சொல்லல மேடம்," என்றார். "டைரக்டர் பாப்பாவைத் தூக்கிக்கிட்டு ஓடினாரு. நானும் எல்லாத்தையும் போட்டது போட்டபடி ஓடினேன். மறுநாள் வந்து பாத்தா பேட்டரி தீந்து கேமரா தானா நின்னிருந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கேமரா நின்னாத்தான் என்ன, ஷாட்டு முடியலையே." அவர் திரும்பி நடந்தார். அவருடைய காலடிச் சத்தம் நடையின் கோடிவரை ஓட்டமும் நடையுமாகக் கேட்டது.

அவள் ஓட விட்டாள்.

குழந்தை சாய்கிறது. அலறல். கால்கள். டைரக்டரின் முதுகு. எல்லோரும் யாரையோ தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். ஆனால் கட்டிலடியில் பட்டாணி அப்படியே கிடக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறக்கிறாள். எழுந்து உட்காருகிறாள். சுற்றிலும் பார்க்கிறாள். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. வெறும் பலகையில் காகிதம் ஒட்டிய மூன்று சுவர். கட்டில். பூட்டின கதவு. நான்காவது சுவர் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு. கட் சொல்கிற வரைக்கும் அசையக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சொன்ன பேச்சைக் கேட்கிற பெண்.

அவள் அசையவில்லை.

எடிட்டர் வேகமாக ஓட்டினாள். முடி வளர்ந்தது. கவுன் சுருங்கியது. நகம் சுருண்டது. சில சமயம் சட்டென்று வெளிச்சம் வரும்; சிரித்த முகத்தோடு நடிகை வருவாள், வசனம் பேசுவாள், போவாள்; மறுபடி இருட்டு. அந்த இருட்டு ஏ.சி.யின் முனகலோடு சேர்ந்து அறைக்குள் நிரம்பியது. பழைய பலகையின் வாசனை. பசை வாசனை. காய்ச்சல்காரக் குழந்தையின் வாய் வாசனை.

பிறகு குரல். ஹெட்போனில் இல்லை. அறைக்குள்.

"அம்மா."

கணவன் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தான்.

"அம்மா, கட் சொல்லும்மா."

தடித்த குரல். நடுவயதுப் பெண்ணின் குரல். ஆனால் அந்த 'ம்மா' எட்டு வயசு.

"கட்!" என்று கத்தினான் அவன். "கட்! பட்டாணி, போதும்டா, கட்!"

ஒன்றும் ஆகவில்லை. திரையில் இருந்தவள் அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"அவளுக்கு நான் சொல்றது கேக்கல." அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். "உன்னைத்தான் கேக்குறா. நீ சொல்லு. இந்தப் படத்தை வெட்டுறவ நீதானே? சொல்லி அனுப்பிடு அவளை. என்னால இதைப் பாத்துக்கிட்டு நிக்க முடியாது."

"சொன்னா போயிடுவா."

"போகட்டும்."

"ஒரேயடியா போயிடுவா."

"போகட்டும்மா. நம்ம குழந்தை, போகட்டும்." அவன் குனிந்து அவள் தலையில் முகத்தை வைத்து அழுதான். பிறகு வெளியே போய்க் கதவைச் சாத்தினான். கதவுக்கு அந்தப் பக்கம் அவன் சுவரோடு சரிந்து உட்காருகிற சத்தம் கேட்டது.

இப்போது அவளும் திரையும்.

கட்டிலடியில் இருந்தவளுக்கு அவளைவிட வயதாகியிருந்தது. நரைத்த முடி தரையில் கிடந்தது. பூப்போட்ட கவுன் நாராகக் கிழிந்து விலாவில் ஒட்டியிருந்தது. கண்கள் நேராக இந்தப் பக்கம். கண்டுபிடித்துவிட்ட கண்கள்.

"அம்மா. வீட்டுக்குப் போலாம்மா."

எடிட்டர் வாயைத் திறந்தாள். அந்தச் சொல் நாக்கின் நுனிவரை வந்தது. ஒரே எழுத்து மாதிரி சின்னச் சொல். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை விரலால் செய்கிற வேலை. இதற்கப்புறம் திரும்பிப் போக வேண்டிய வீட்டை நினைத்தாள். காலியான கட்டில். காலையில் பாத்ரூமில், கழுவ எதுவுமில்லாமல் நிற்கிற கை.

"கண்ணு," என்றாள்.

திரையில் முகம் மலர்ந்தது.

"ரொம்ப நல்லாப் பண்ணினடா. இன்னும் ஒரே ஒரு டேக்."

அந்த முகத்தில் ஏதோ அணைந்தது. அழவில்லை. எதிர்த்துப் பேசவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற பெண். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தது அந்த உருவம். மூட்டுகள் ஒவ்வொன்றாக முறிகிற சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. வெடித்த பாதங்களை இழுத்துக்கொண்டு, தரையில் சுண்ணாம்பால் போட்டிருந்த குறிக்கு வந்து நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டது. கவுனைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டது.

"சொல்லிட்டியா?" கதவுக்கு வெளியிலிருந்து அவன் கேட்டான்.

"ம்," என்றாள் அவள்.

திரையில் அது நிமிர்ந்தது. எங்கிருந்தோ வெளிச்சம் வந்து முகத்தில் விழுந்தது. மெல்ல மெல்ல, பல் தெரிய, எட்டு வயசுப் பெண்ணைப் போல அது சிரிக்கத் தொடங்கியது.