பின்பாரம்

வண்டியின் பின்பக்கம் இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தது.

தனுஷ்கோடி ரசமட்டத்தை எடுத்து வந்து தரையில் வைத்துப் பார்த்தார். தரை சரியாக இருந்தது. டயரில் காற்றும் சரிதான். பழைய ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. டிக்கி காலி. பின்சீட்டில் ஒரு கைத்துண்டுகூடக் கிடையாது. அப்படியிருந்தும் அந்த அம்பாசிடர், திருவிழாவுக்கு ஆள் அடைத்த வண்டி மாதிரி பின்னால் குந்திக்கொண்டு நின்றது.

பட்டை போட்டுக்கொடுத்த சாத்தூர் மாரிசாமிக்குப் போன் போட்டார்.

"என்னலே வேலை பாத்திருக்க? காலி வண்டி குந்திக்கிட்டு நிக்கி."

"அண்ணாச்சி, அது டெம்போவுக்குப் போடுற பட்டை. அம்புட்டு லேசுல அமுங்காது. உள்ள என்ன லோடு வச்சிருக்கீக?"

"ஒன் மண்டையில இருக்க களிமண்ணைத்தான்."

போனை வைத்தார். கையால் உழைக்கிற எவனும் அவருக்கு மனுசனாகத் தெரிந்ததில்லை. பட்டாசுக் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் போர்மேன். இருநூறு உயிர்களை 'அதுக' என்றே சொல்லிப் பழகிய வாய். வேடிக்கை என்னவென்றால், ரிட்டையர் ஆன மறுமாதமே அவருக்கே கைவேலையில் ஆசை வந்துவிட்டது. நாரணாபுரத்தில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டார். பழைய கார்களை வாங்கி, எலும்புக்கூடு வரை பிரித்து, ஒடுக்கு எடுத்து, உப்புத்தாள் தேய்த்து, ஒரு வண்டியின் முகத்தையும் இன்னொரு வண்டியின் விளக்கையும் பொருத்தி, உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு காராக ஆக்கினார். முதல் வண்டி மதுரை டாக்டர் ஒருவரிடம் போனது. இரண்டாவது கோயம்புத்தூருக்கு.

மூன்றாவது இது. கம்பெனியின் சொந்த வண்டி. குடோனுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் பதினான்கு வருஷம் மட்கிக் கிடந்ததை, "எடைக்குப் போடுறதை நீயே இழுத்துட்டுப் போ" என்று முதலாளி கொடுத்தார். கருநீலப் பெயின்ட், மரத்தில் கடைந்த ஸ்டியரிங், ஆட்டுக்கிடாக் கண் மாதிரி இரண்டு பித்தளை விளக்கு. மகள் மாரிசெல்வியின் கல்யாண ஊர்வலத்துக்கென்றே செய்தது. தை மாதம் கல்யாணம் முடிந்தது; வண்டி முடியவில்லை. விருதுநகரில் பருப்பு வியாபாரம் பார்க்கும் சம்பந்தி வேலுச்சாமி, பந்தியில் அத்தனை பேர் முன்னால் சொன்னார்: "எங்க சம்பந்தி தகரத்துக்குத் தாலி கட்டிட்டாரு. இனி பிள்ளைகுட்டியும் தகரத்துலதான்."

சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. அந்தச் சிரிப்பு தனுஷ்கோடியின் காதுக்குள் சித்திரை வரை இருந்தது.

இன்றைக்கு ஞாயிறு. மகளோடு சம்பந்தி வீட்டார் விருந்துக்கு வருகிறார்கள். வேலுச்சாமி கண்ணெதிரே மகளை ஏற்றிக்கொண்டு வண்டி வாசலைத் தாண்ட வேண்டும். அது ஒன்றுதான் வேண்டும்.

வெயில் ஏறியது. வெயிலில் நின்ற காருக்குள் உட்கார்ந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் அந்த வாடை தெரிந்திருக்கும்: சூடான ரெக்சின், சூடான பசை, சூடான இரும்பு. இங்கே அவற்றுக்கு அடியில் வேறொன்று இருந்தது. கந்தகமும், வேர்வையில் ஊறிய சேலையும், காலையில் வைத்து மதியத்துக்குள் கருகிப்போன கனகாம்பரமுமாகச் சேர்ந்து, கம்பெனியின் வெடிமருந்து அறைக் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அதே வாடை. புதுப் பெயின்டின் நெடியை ஒதுக்கித் தள்ளிவிட்டு, அது டிக்கியின் இடுக்கு வழியாகக் கசிந்துகொண்டிருந்தது.

டிக்கியைத் திறந்தார். காலி. மூடினார்.

மூடியதும் உள்ளே ஒரு சத்தம். சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. ரொம்ப நேரம் அடக்கி வைத்த மூச்சை, யாருக்கும் கேட்டுவிடக் கூடாதென்று, மூக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதுபோல.

தகரம் விரிகிறது என்று சொல்லிக்கொண்டார்.

"இந்தாங்க," கொட்டகை வாசலில் மனைவி குருவம்மாள், கையில் கறி மணக்கும் கரண்டியோடு. "ரிட்டையர் ஆன ஆம்பளைக கோயில் கொளம்னு போவாக. நீங்க செத்த வண்டிக்கு மை தீட்டிக்கிட்டு நிக்கிறீக. போய்க் குளிங்க."

"குருவு, இங்கன ஏதாச்சும் வாடை அடிக்கா?"

அவள் மூக்கை உறிஞ்சினாள். "ஒங்க வாடைதான்." போய்விட்டாள்.

குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு அவர் திரும்பி வந்தபோது உச்சிப்பொழுது. வண்டியின் நிழல் வண்டிக்கு அடியிலேயே ஒடுங்கியிருந்தது. காக்காய்ச் சத்தமில்லை. தெருவில் ஆள் அரவமில்லை. வீட்டு வாசலிலிருந்து குருவம்மாள் கூவினாள்:

"சம்பந்தி வாராக!"

வண்டி அசைந்தது. பின்பக்கம் ஒரு முனகல் முனகிக் கீழே இறங்கியது. இன்னொரு முறை. மூன்றாவது முறை. படுப்பதற்கு இடம் ஒதுக்கிக்கொள்வதுபோல் உள்ளே எதுவோ உரசியது. பிறகு அமைதி.

சம்பந்தி வாராக.

கம்பெனியில் அந்த வார்த்தைக்கு வேறு பொருள். மருந்து அறைக்கு நாலு பேர் என்பது சட்டம். தனுஷ்கோடி பத்துப் பேரை அடைப்பார். சோதனைக்கு அதிகாரி வந்தால் வாட்ச்மேன் "சம்பந்தி வாராக!" என்று கத்துவான், அதிகப்படி ஆட்கள் கருவேலங்காட்டுக்குள் ஓடி ஒளிவார்கள். ஒருநாள் ஓட நேரமில்லாமல் மூன்று பெண்கள் மாட்டிக்கொண்டார்கள். முழங்கைவரை அலுமினியப் பவுடர் அப்பிய வெள்ளிக் கைகளோடு நின்றவர்களை இந்த டிக்கிக்குள் படுக்கவைத்தார். "நான் வந்து தட்டுறவரைக்கும் மூச்சுச் சத்தம் கேக்கப்பிடாது." மூக்கம்மாள் என்பவள் மட்டும் சரியென்று தலையாட்டினாள். அதிகாரி சாப்பாட்டுக்கு இருந்துவிட்டார். இவர் பக்கத்தில் நின்று மோர் ஊற்றினார். சாவி சட்டைப்பையில். நினைப்பு வந்தபோது மணி மூன்று.

படுக்கவைத்தபடியே கிடந்தார்கள். வெக்கையில் மயங்கி விழுந்து செத்ததாகக் கம்பெனி சொன்னது. ஊரும் வாயை மூடிக்கொண்டது. தனுஷ்கோடிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒரு தட்டு தட்டியிருந்தால் திறந்திருப்பேனே. கையில்லையா? வாயில்லையா? சாகும்போதுகூடப் புத்தியில்லாத ஜென்மங்கள். இந்தப் பதினைந்து வருஷமும் அப்படிச் சொல்லித்தான் அவர் தூங்கினார்.

"என்ன சம்பந்தி, தகரம் உருளுமா?" வேலுச்சாமி வெற்றிலைச் சிரிப்போடு கொட்டகைக்குள் வந்துவிட்டார். "இல்ல, நம்ம லோடு வண்டியில கட்டி இழுப்பமா?"

அவர் பின்னால் செல்வி. பச்சைப் பட்டு. "அப்பா! எம்புட்டு அழகாயிருக்கு!"

இஞ்சின் கோளாறு என்று சொல்லிவிடலாம். இரண்டே இரண்டு வார்த்தை. அவர் வாயைத் திறந்தார். வேலுச்சாமியின் உதட்டோரத்தில் அந்தச் சிரிப்பு தயாராக நின்றது. அடுத்த பந்திக்கு, அடுத்த ஊருக்கு, ஆயுசுக்கும்.

"ஏறுத்தா," என்றார்.

அவள் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். வண்டி பூனைபோல் கிளம்பியது. கண்ணாடியில் வேலுச்சாமியின் முகம் சுருங்கிச் சின்னதாயிற்று. ஒரு நிமிஷம், அந்த ஒரே நிமிஷம், அவர் நெஞ்சு குளிர்ந்தது.

வெம்பக்கோட்டைச் சாலை. இருபுறமும் கருவேலம். கானல்.

"சீட்டு ஏம்பா இப்படிக் கொதிக்கி?"

"வெயில்ல நின்ன வண்டி தாயி."

"கந்தக வாடை வேற."

அவர் மிதித்தார். வண்டி கனத்தது.

"அப்பா, இவுகளைக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுங்க. இடிக்காக."

"யாரத்தா?"

அவர் வேகத்தைக் குறைத்தார்.

"செல்வி?"

கண்ணாடியில் பார்த்தார். அவ்வளவு அகலமான சீட்டில் அவள் கதவோடு கதவாக நசுங்கி உட்கார்ந்திருந்தாள். முழங்கால் நெஞ்சைத் தொட்டது.

பிரேக். இறங்கி ஓடினார். பின்கதவு. திறக்கவில்லை. அந்தப் பக்கம். திறக்கவில்லை. அவர் இறங்கிய முன்கதவு அவருக்குப் பின்னால் மெதுவாக, பக்குவமாகச் சாத்திக்கொண்டது. சாவி உள்ளே.

"கதவைத் திறத்தா!"

கண்ணாடியை உள்ளங்கையால் அடித்தார். சத்தமில்லை. முஷ்டியால் அடித்தார். சத்தமில்லை. கல்லெடுத்து அடித்தார். பஞ்சுமூட்டையில் விழுந்ததுபோல் கல் நழுவியது. சாலையில் வெயில் இரைவதுகூடக் கேட்டது. இவர் தட்டுவது கேட்கவில்லை.

உள்ளே கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. அதை ஒரு கை துடைத்தது. செல்வியின் கை. அவர் வாங்கிப்போட்ட வளையல். முழங்கைவரை வெள்ளி.

"தட்டுத்தா! நீயாச்சும் ஒரு தட்டு தட்டு!"

அவள் அப்பாவைப் பார்த்தாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையின் பார்வை. கிணற்றில் முங்கும் சிறுமி மாதிரி கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. உதடு நீலம். சரியென்று தலையாட்டினாள். அவள் தோளுக்குப் பின்னால், கன்னம் உப்பிய இன்னும் மூன்று முகங்கள்.

அவர் தட்டினார். தட்டினார்.

உள்ளே நாலு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு, அவர் வந்து தட்டுவதற்காகக் காத்திருந்தார்கள்.