மழைத்துறையும் காணாமற்போன படமும்

காலை ஏழரை மணி. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில், தனியார் ஓவியக் கூடமொன்றில், பொருள் அறையின் பூட்டு நெம்பப்பட்டிருப்பதைக் கண்டு காவலாளி அலறினார். மறைந்த ஓவியர் தார்சுகியின் மனைவி, எல்லோரும் ‘இபு’ (அம்மா) என்றழைக்கும் கஸ்மினா, முந்தின நாள் மாலை கொடுத்த சிறிய படம் போயிருந்தது. அதைச் சுற்றியிருந்த பாத்திக் துணி மட்டும் மேசைமேல் கிடந்தது.

இன்ஸ்பெக்டர் பலுப்பி துணியைப் பார்த்தாள். முடிச்சை யாரும் அறுக்கவில்லை. நிதானமாக அவிழ்த்திருந்தார்கள்.

கூடத்தின் நடுச்சுவரில் தார்சுகியின் ‘மழைத்துறை’ பத்திரமாகத் தொங்கியது. பள்ளிப் பாடநூல் அட்டை வரை போன படம்.

“அந்தக் கட்டைப் பிரிச்சுப் பாத்தீங்களா, பாக்?” என்று கூடத்தின் இயக்குநர் ஹெண்டார்தோவைக் கேட்டாள். ‘பாக்’ என்றால் அங்கே ‘ஐயா’.

“எங்கேம்மா நேரம்? வந்தபடியே உள்ள வெச்சுப் பூட்டினேன்.”

“இவ்ளோ பெரிய படத்தை விட்டுட்டு அதை ஏன் எடுத்தான்?”

“கைக்கு அடக்கமா இருந்திருக்கும். திருடனுக்கு மகத்தான படைப்புன்னா என்னன்னு தெரியுமா?”

“எனக்கும் தெரியாது. சொல்லுங்க.”

ஹெண்டார்தோவுக்கு அந்த ஒரு கேள்வி போதும். “மழையைப் பாருங்க! தென்னை ஒரு பக்கம் வளையுது, மழை மறுபக்கம் சாயுது. ஒவ்வொரு கோடும் இடது மேலேருந்து வலது கீழே. காத்தையே எதிர்க்கிற மழை! ஆம்பளைத் தோள் இல்லாம இந்த வீச்சு வராது. அதைத்தான் புத்தகம் புத்தகமா எழுதியிருக்கேன். இதுக்கு முன்னால, பொண்டாட்டி முதுகைக் காட்டி உக்காந்திருக்கிற ஒரு சின்னப் படம் போனா என்ன? நாளைக்குக் கண்காட்சி. அமைதியா முடிச்சுக் குடுங்க.”

இபு கஸ்மினா வீட்டில் தேநீர் வந்தது. பொரிப்பதற்கு மரவள்ளியைச் சீவிக்கொண்டே பேசினார். கத்தி இடது கையில் பறந்தது. தட்டை நீட்டும்போது மட்டும் வலது கைக்கு மாற்றிக்கொண்டார். இடது கையால் கொடுப்பது மரியாதையில்லை.

சுவரில் தார்சுகியின் புகைப்படம். தூரிகை வலது கையில்.

“அது என்ன படம்னு யார்கிட்டயாவது சொன்னீங்களா, இபு?”

“இல்லம்மா. ‘அவர் கடைசியா வரைஞ்சது, கண்காட்சியில மாட்டுங்க’ன்னு மட்டும் சொன்னேன். நானே கட்டிக் கொண்டுபோனேன்.”

மதியம் பலுப்பி கூடத்துக்குத் திரும்பினாள்.

“திருடன் கட்டோடு தூக்கிட்டுப் போயிருப்பான், பாக். இவன் அவிழ்த்துப் பாத்திருக்கான். பாத்ததுக்கப்புறம்தான் எடுக்கத் தோணியிருக்கு. அப்ப காரணம் படத்துக்குள்ள இருக்கு.”

“அதுக்கு?”

“பிரிக்கவே இல்லைன்னீங்க. பொண்டாட்டி முதுகைக் காட்டி உக்காந்திருக்கான்னும் சொன்னீங்க. அந்தம்மா யார்கிட்டயும் சொல்லலையே.”

ஹெண்டார்தோ ‘மழைத்துறை’ பக்கம் திரும்பிக்கொண்டார்.

“உக்காந்து என்ன பண்றாங்க? நான் சொல்லட்டுமா? இடது கையில தூரிகையைப் பிடிச்சு ‘மழைத்துறை’ வரையறாங்க. மழை காத்தை எதிர்க்கல, பாக். இடது கைக்குக் கோடு அப்படித்தான் சாயும். அந்தப் படத்தை மாட்டினா உங்க புத்தகமெல்லாம் சிரிப்பாயிடும். பூட்டை நெம்பினது நீங்கதான்.”

அவர் நாற்காலியில் சரிந்தார். பிறகு எழுந்துபோய் அலமாரிக்குப் பின்னாலிருந்து படத்தை எடுத்தார். ஒரு கீறல்கூட இல்லை.

“எரிச்சிருக்கலாமே?” என்றாள் பலுப்பி.

“தீப்பெட்டியைக் கையில எடுத்தேன்.” அவர் படத்தைப் பலுப்பியின் பக்கம் திருப்பினார். “பொண்டாட்டியைப் பாத்து தார்சுகி வரைஞ்சிருக்கான். எப்படிப் பாத்திருக்கான் பாருங்க. இத்தனை வருஷம் மேடையில எது மகத்தானதுன்னு பேசினவன் நான். கையில இருக்கும்போது கொளுத்த முடியல.”

கண்காட்சி ஒரு வாரம் தள்ளித் திறந்தது. இரண்டு படங்களும் பக்கம் பக்கமாகத் தொங்கின. ‘மழைத்துறை’க்குக் கீழே ஒட்டிய சீட்டில் கஸ்மினாவின் பெயர்.

“ஏன் இத்தனை காலம் சும்மா இருந்தீங்க?” என்று பலுப்பி கேட்டாள்.

“அப்ப பொம்பளை பேர்ல வாங்க ஆளில்ல. அவர் பேர்ல வித்தோம், சாப்பிட்டோம். படம் நல்லாருக்குன்னு சொன்னாங்க, போதும்னு இருந்தேன். அவருக்குத்தான் உறுத்திக்கிட்டே இருந்துச்சு.”

புதிய இயக்குநர் தூரிகையுடன் வந்து பணிந்து நின்றார். “இபு, படத்துல இருக்கிற அவர் கையெழுத்தை அழிச்சுட்டு உங்க பேரைப் போட்டுடலாமா?”

“தொடாதீங்க. அது முடிஞ்ச படம்.” கஸ்மினா சிரித்தார். “எனக்கு ஏதாவது செய்யணும்னா, புதுசா ஒரு கேன்வாஸ் வாங்கிக் குடுங்க. பெருசா.”