சுமையுருளிக்குச் சொன்ன வைத்தியம்

மூன்றாம் குமிழி நகரில் அன்றைய காற்றை வாங்கிக்கொண்டு அங்கயற்கண்ணி மருத்துவமனைக்குப் புறப்பட்டாள். காற்றுக்காரனோடு மல்லுக்கட்டி, அரைப் புட்டி கொசுறும் பிடுங்கியிருந்தாள். செவ்வாய்க் கிரகத்தில் மூச்சுக்குக் கொசுறு வாங்கியவர் அவளுக்கு முன்னால் யாருமில்லை.

முதுகு வலித்ததால் அன்றுதான் முதல்முறையாகத் தன் ஜவுளிக்கடைச் சுமையுருளியைத் துணைக்கு அழைத்திருந்தாள். மூட்டை தூக்கும் இயந்திரம். தானே உருளும், கணீரென்ற ஆண் குரலில் பேசும். அதன்மேலேயே உட்கார்ந்து போனாள். மார்பில் தொடங்கிய புற்று எலும்புக்குப் பரவி இரண்டு வருடமாகிறது. இனிக் குணமாகாது; மருந்து அடக்கி வைத்திருக்கிறது. அதே மருந்து அவள் விரல் நுனிகளையும் மரத்துப்போக வைத்துவிட்டது. தடவிப் பார்த்தே நூலின் தரம் சொல்லும் விரல்கள், போன வாரம் நெகிழி இழையைப் பட்டு என்று வாங்கிவிட்டன.

மருந்தைக் குறைக்கச் சொல்ல வேண்டும். நான்கு மாதமாக இதைச் சொல்லத்தான் போகிறாள். மருத்துவறிவி “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டதும், கடைவீதியையே கலக்கும் அந்த வாய் “பரவாயில்லைங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடும்.

மருத்துவறிவி என்பது இரண்டு கண்ணும் எட்டுக் கையும் கொண்டு வைத்தியம் பார்க்கும் வெள்ளைத் தூண். அன்று அது அவளைத் தாண்டிச் சுமையுருளியைப் பார்த்தது.

“சொல்லுங்க சார், வீட்டம்மா எப்படி இருக்காங்க?”

“எடை நாப்பத்தொம்பது கிலோ” என்றது உருளி, தனக்குத் தெரிந்த ஒரே விவரத்தை.

“நல்லா சாப்பிட வைங்க சார்.”

“நான் இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். மூட்டை தூக்கறதுகிட்ட என்னய்யா கேள்வி?”

“அம்மாவுக்குக் கொஞ்சம் படபடப்பு போல, சார்.”

அவ்வளவுதான். நான்கு மாதம் வராத குரல் வந்துவிட்டது.

“விரல் மரத்துப்போச்சு. மருந்தைக் குறை.”

“சார் என்ன சொல்றார்?”

“சார் மூட்டை தூக்குவார். உடம்பு என்னோடது.”

மருத்துவறிவி இப்போதுதான் அவள் பக்கம் திரும்பியது. “குறைச்சா நோய் முந்திக்கலாம்மா. ஒண்ணு ரெண்டு மாசம் ஆயுசு போகலாம்.”

“துணியைத் தொட்டுப் பாக்க முடியாத மாசத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?”

“பத்து சதவீதம் குறைக்கறேன்.”

முதலில் சொன்ன விலை கடைசி விலையாக இருந்த கடையை அவள் பார்த்ததில்லை. எழுந்து வாசலைப் பார்த்து நடந்தாள், கூப்பிட்டால் காதில் விழும் வேகத்தில்.

“நில்லுங்கம்மா. இருபத்தஞ்சு. மாசாமாசம் ரத்தம் பாக்கணும். நோய் தலைதூக்கினா மறுபடி பேசலாம்.”

“இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?”

“நாலு மாசமா பரவாயில்லைன்னுதானேம்மா சொன்னீங்க?”

அங்கயற்கண்ணி பேச்சை மாற்றினாள். “அது கிடக்கட்டும். உருளியை எதுக்கு சார்னு கூப்பிட்ட?”

“பூமியோட பழைய மருத்துவமனைப் பதிவெல்லாம் பாத்துத்தான் வைத்தியம் படிச்சேன். நோயாளி பொம்பளையா இருந்தா, டாக்டர் பக்கத்துல நிக்கற ஆம்பளையைப் பாத்துத்தான் பேசறார். அதுவும் சிகிச்சையில சேர்த்தின்னு நினைச்சுட்டேன்.”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். “நல்லா படிச்ச, போ.”

“ஒரு சந்தேகம்மா. மூட்டை தூக்கற உருளிக்கு ஆம்பளைக் குரல் எதுக்கு?”

விலைப் பட்டியலில் பெண் குரல்தான் மலிவு. இரண்டு நாள் பேரம் பேசி அவள் ஆண் குரலை வாங்கியதற்குக் காரணம் உண்டு: கடைவீதியில் அந்தக் குரலுக்குத்தான் ஆட்கள் உடனே வழி விடுகிறார்கள். அவள் உருளிமேல் ஏறி வாசலுக்கு விட்டாள்.

வெளியே வந்ததும் உருளியின் குரலை அணைத்தாள். “வழி விடுங்கப்பா, வழி” என்று தானே கத்திக்கொண்டு போனாள். கடைக்குப் போய்ச் சேர அன்று அரை மணி நேரம் கூடுதலாகப் பிடித்தது.