உதடு படாமல்

நாற்காலியின் கைப்பிடி ஈரமாக இருந்தது. ஜலஜா வெடுக்கென்று முழங்கையை இழுத்துக்கொண்டு, கைக்குட்டையால் ஒரு முறைக்கு மூன்று முறை அழுத்தித் துடைத்தாள். தண்ணீர் என்றால் துடைத்ததும் போய்விடும். இது போகவில்லை, கைக்குட்டைக்கும் கைப்பிடிக்கும் நடுவே மெல்லிய நூலாக இழுபட்டது.

"ஏசி தண்ணிடீ," என்றாள் அக்கா மாதங்கி. "பழைய தியேட்டர், அப்படித்தான் இருக்கும். அச்சா, பேசாம மேடையைப் பாரு."

அக்காவுக்கு என்ன! இருபத்திரண்டு வருஷமாக ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இருந்து தில்லியின் எல்லா அழுக்கும் பழகிவிட்டது. ஜலஜா, திருச்சியிலிருந்து மகளோடு நாலு நாள் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவள். காலையில் மலை மந்திர் முருகன் கோவில், மத்தியானம் கோல் மார்க்கெட் பக்கத்தில் இந்த இசை நாடகம் என்று திட்டம் போட்டது அக்காதான்.

எச்சில் என்றால் ஜலஜாவுக்கு உயிரே போய்விடும். பிறத்தியார் தம்ளரில் அவள் வாய் வைத்ததே கிடையாது. ஏழு வயது மகள் மாதுரியையும் அப்படியே வளர்த்திருந்தாள். பாட்டிலில் உதடு பட்டால் போதும், தலையில் நறுக்கென்று ஒரு குட்டு விழும். அண்ணாந்துக்கோ, வாயை நன்னாத் திற, உதடு படப்படாது. குழந்தை அழுதுகொண்டே கற்றுக்கொண்டாள்.

விளக்குகள் அணைந்தன. மேடையில் ஒரு ராஜகுமாரியும் தோழிகளும் ஹிந்தியில் பாட ஆரம்பித்தார்கள். நன்றாகத்தான் பாடினார்கள். ஆனால் மூச்சு வாங்க அவர்கள் நிறுத்திய இடங்களிலும் ஒரு முனகல் நிற்காமல் தொடர்ந்தது, வாயைத் திறந்து தூங்குகிறவரின் தொண்டையில் சளி உருள்வது போல, கனமாக, சாவகாசமாக. அது மேடையிலிருந்து வரவில்லை, தலைக்கு மேலே கூரையிலிருந்து வந்தது. கூடவே ஒரு வாடை. நாள்பட்ட தலையணை உறையில் எச்சில் ஊறி ஊறிக் காய்ந்த வாடை, அதை மறைக்க ரோஜா வாசனையை வேறு அடித்துத் தொலைத்திருந்தார்கள். சீச்சீ, என்ன கண்றாவி! ஜலஜா புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"அம்மா, என் கன்னத்துல என்னமோ விழுந்துது."

தலைப்பாலேயே துடைத்தாள். பிசுபிசுத்தது.

"அக்கா, வேற இடத்துல உக்காரலாமா? மேலேந்து என்னமோ ஒழுகறது."

"மானத்தை வாங்காதே ஜலஜா. எல்லாரும் பாக்கறா."

ஒருவரும் பார்க்கவில்லை. முன்வரிசைத் தலைகள் மேடை வெளிச்சத்தில் பளபளத்தன. எண்ணெய் என்று முதலில் நினைத்தாள். எண்ணெய் இல்லை. அது நெற்றியில் இறங்கி, காதோரம் வழிந்து, சட்டைக் காலரில் சொட்டியது. யாரும் துடைத்துக்கொள்ளவில்லை.

"தாகமா இருக்கும்மா."

"இரு, தரேன்."

பாட்டிலைத் திறந்ததும் அவளுக்கே தாகம் எடுத்தது. ஒரு வாய் குடித்தால் அடங்கும் என்று தோன்றியது. வழக்கம்போல அண்ணாந்தாள், வாயைத் திறந்தாள். பாட்டிலைச் சாய்ப்பதற்குள் மேலிருந்து ஒரு சொட்டு விழுந்தது, நேராக நாக்கில்.

வெதுவெதுப்பு. கொழகொழப்பு. யாரோ எதையோ மென்று முடித்த ருசி.

எச்சில்.

ஓங்கரித்துக் கைக்குட்டையில் துப்பினாள். விரலால் நாக்கை வழித்தாள். வழிக்க வழிக்க வந்தது. அருவருப்பில் உடம்பெல்லாம் கூசியது. மேலே பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை. "அக்கா, எழுந்திரு, போயிடலாம்!" என்று மாதங்கியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அக்காவின் தலை பின்னால் சாய்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது. தொண்டை ஏறி இறங்கியது.

மடக். மடக்.

அடுத்த நாற்காலியிலும் அதே. அதற்கடுத்ததிலும். வரிசை முழுக்க. மேடையில் ராஜகுமாரியும் அண்ணாந்து நின்றாள், வாயைத் திறந்தபடி. யாரும் பாடவில்லை. பாட்டு நிற்கவில்லை.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட வேண்டும். அது ஒன்றுதான் மனதில் இருந்தது. எழப் பார்த்தாள். புடவை நாற்காலியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கையை நீட்டப் பார்த்தாள். கையும் கைப்பிடியில் ஒட்டியிருந்தது. மாதுரி, வாயை மூடுடி, மூடிக்கோடி கண்ணே! கத்தத்தான் கத்தினாள். வாய் நிறைய ஊறிவிட்டிருந்தது. களகளவென்ற சத்தம்தான் வந்தது.

அவள் கழுத்து தானாகப் பின்னால் சாய்ந்தது. கண் மட்டும் மகள் பக்கம் இருந்தது.

மாதுரி அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். குட்டு வாங்கப்போவதில்லை என்ற பெருமை முகத்தில் தெரிந்தது.

"பாரும்மா, உதடே படாம குடிக்கறேன்."

சொல்லிக்கொடுத்தபடியே அண்ணாந்தாள். வாயை நன்றாகத் திறந்தாள். கூரையின் இருட்டிலிருந்து விரல் பருமனில் ஒரு நூல், அறுபடாமல், அவசரமே இல்லாமல், அந்தச் சின்ன வாயை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.